கையெழுத்து விழாத பாட்டு

1

இந்தக் கதை ஒரு கட்டத்துக்குள் அடங்காததால் பிறந்தது. நான் நிரப்ப வேண்டிய படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், அடியில், ‘பிற குறிப்புகள்’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டரை வரி எழுதலாம். பொடி எழுத்தாக நெருக்கி எழுதினால் நான்கு வரி. எனக்கோ சொல்ல வேண்டியது மலையாகக் கிடந்தது. முதலில் கட்டத்தின் ஓரத்தில் எழுதினேன், பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் போனேன், பிறகு தனித்தாள் இணைத்தேன். நான்காவது தாளை இணைக்கும்போதுதான் நான் குறிப்பு எழுதவில்லை, கதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மதிப்பீடு உண்டு. அதற்காகக் கல்வி அலுவலகம் அனுப்பும் ஆட்களில் நானும் ஒருவன். பழைய இலக்கியம் என் பங்கு. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் அதே பழைய இலக்கியத்தை நடத்திக்கொண்டிருந்தேன். நடுநடுவே கதையும் எழுதுவேன். மூன்று தொகுப்புகள் வந்திருக்கின்றன. மூன்றையும் அட்டையிலிருந்து அட்டை வரை படித்த ஒரே ஆள் என் மனைவி, அதுவும் பிழை திருத்துவதற்காக.

2

தொடக்கம் மூன்று முறை மாறியது. மறைக்காமல் மூன்றையும் காட்டிவிடுகிறேன்.

‘மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில் அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் முன்னால் நான்’

மழை தூறவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். உங்கள் கதைகளில் மட்டும் ஏன் முதல் வரியிலேயே மழை வந்துவிடுகிறது என்று மனைவி ஒருமுறை கேட்டிருக்கிறாள். அடித்துவிட்டேன்.

‘குழந்தைகளுக்குச் செவ்விலக்கியத்தை எப்படிக் கற்பிக்க வேண்டும் என்ற கேள்வி காலந்தோறும்’

இது பத்து வரி ஓடியது. திரும்பப் படித்தால், பரிசளிப்பு விழாவில் மைக்கை விடாத சிறப்பு விருந்தினரின் குரல் கேட்டது. அதையும் அடித்தேன்.

‘அந்தச் சிறுமிக்கு ஆறு மதிப்பெண் வேண்டும். ஐந்து வாங்கியிருந்தாள்.’

இது நிற்கட்டும். இதில் பொய் எதுவும் இல்லை. மதிப்பீட்டில் பாடத்துக்குப் பத்துக் கேள்விகள். வாய்மொழியாகக் கேட்டு, அலுவலகம் கொடுத்த விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, சரி அல்லது தவறு போட வேண்டும். ஆறு சரியாக இருந்தால் பிள்ளை வீட்டிலேயே தொடரலாம். ஒரு பாடத்தில் குறைந்தாலும் அடுத்த மாதம் முதல் தேதி பள்ளியில் சேர்ந்தாக வேண்டும். மறுமதிப்பீடு, கெஞ்சல், பரிந்துரைக் கடிதம் எதற்கும் விதியில் இடம் இல்லை.

3

அவர்கள் குடியிருந்தது நான்காவது மாடி. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

[நான் கதைக்காக இட்டுக்கட்டியதாக நினைப்பீர்கள். இட்டுக்கட்டியிருந்தால் இதைவிட நம்பும்படியாகக் கட்டியிருப்பேன்.]

மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நான் போய் நின்றபோது, கதவைத் திறந்த மனிதர் வணக்கத்துக்கு முன்னால் படிகளுக்காக மன்னிப்புக் கேட்டார். நாற்பது வயது இருக்கும். நகக்கண்களில் எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. வேலை மதியம் ஒரு மணிக்குத்தான் என்பதால் காலையெல்லாம் பிள்ளைகளோடு இருக்கிறார். அம்மா பல் மருத்துவமனையில் உதவியாளர். கணக்கும் அறிவியலும் மாலையில் அவர் பொறுப்பு. பழைய இலக்கியத்துக்கு எடுத்துக்கொண்ட காவியம் முழுக்க அப்பா பொறுப்பு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படிகளை நான் நல்ல மனதோடு ஏறவில்லை. காவியத்தைக் கொண்டுபோய் ஸ்பானர் பிடிக்கிற கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று காலையில் மனைவியிடம் நக்கலடித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. பெருமைக்காகப் பிள்ளையை இருநூறு பாட்டு ஒப்பிக்க வைக்கிற பெற்றோரை நிறையப் பார்த்துச் சலித்திருந்தேன். இன்னொன்று பார்க்கப் போகிறோம் என்றுதான் நினைப்பு.

சாப்பாட்டு மேஜைதான் வகுப்பறை. ஒரு மூலையில் அம்மா வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த பல் அச்சு ஒன்று, பிளாஸ்டரில் வார்த்த கீழ்த்தாடை, தாள் பறக்காமல் இருக்கக் கனமாக உட்கார்ந்திருந்தது. பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, மதிப்பீடு அவளுக்குத்தான். சின்னவளுக்கு ஒன்பது, அவளுக்கு அன்று எந்த வேலையும் இல்லை, ஆனால் யாரும் அவளை அசைக்க முடியாதபடி நாற்காலியில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் காவியப் புத்தகம் எப்படி வந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். ஒரு லிஃப்டில் யாரோ விட்டுப் போனது என்றார். அறிவிப்பு ஒட்டி ஒரு மாதம் காத்திருந்தாராம். யாரும் வரவில்லை. இத்தனை கனமான புத்தகத்தைத் தொலைத்துவிட்டு ஒருவர் தேடாமல் இருக்கிறாரே, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று திறந்து பார்த்தாராம். முதல் பாட்டே விளங்கவில்லை. அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது.

4

விதிப்படி மதிப்பீட்டுக்கு முன் ஒரு மணி நேரம் பாடத்தை வேடிக்கை பார்க்க வேண்டும். புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார்கள். ஒவ்வொரு பாட்டின் ஓரத்திலும் பென்சிலில் தேதியும் சுருக்கக் கையெழுத்தும் இருந்தன. சிலவற்றில் மூன்று கையெழுத்து. சிலவற்றில் இரண்டு. சில பாட்டுகளின் ஓரம் வெறுமையாகக் கிடந்தது.

இது என்ன என்று கேட்டதற்கு அப்பா பழைய அட்டை ஒன்றை எடுத்து வந்து காட்டினார். லிஃப்ட் இயந்திர அறையில் தொங்குகிற பராமரிப்பு அட்டை. கயிறு, பிரேக், கதவுப் பூட்டு, அடிக்குழி என்று வரிசையாகக் கட்டங்கள்; ஒவ்வொன்றுக்கும் தேதி, கையெழுத்து. நீங்களே தொட்டுப் பார்த்ததற்கு மட்டும்தான் கையெழுத்துப் போட வேண்டும். கூட வந்தவர் பார்த்தார் என்பதற்காகப் போடக் கூடாது, போன மாதம் சரியாக இருந்தது என்பதற்காகவும் போடக் கூடாது.

“பாட்டுக்கும் அதேதான் சார். அவங்கவங்களுக்குப் புரிஞ்சாத்தான் போடணும். தெரியலன்னா காலியா விடணும். காலியா விட்டா ஒண்ணும் ஆகாது, அடுத்த வாட்டி வந்து பாத்துக்கலாம். பாக்காம போட்டாத்தான் ஆபத்து.”

அன்றைய பாட்டு ஊர்வாசல் வர்ணனை. இருபத்திரண்டு வருடம் நான் ‘நகரச் சிறப்பு’ என்ற ஒற்றைத் தலைப்பில் தள்ளிவிட்டுப் போன பாட்டு. இவர்கள் அதைத் தாளில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு சொல்லாகக் கழற்றினார்கள். ஒரு சொல்லை விரலால் மறைப்பது, மீதி நிற்கிறதா விழுகிறதா என்று பார்ப்பது. இதுதான் அவர்களுடைய முறை. மதில், கொடி எல்லாவற்றையும் மறைத்துப் பார்த்துவிட்டு ‘அயர்ந்த யானை’யில் ‘அயர்ந்த’ என்பதை அப்பா மறைத்தார். யானை அப்போதும் நின்றது. சரி, தேவையில்லாத சொல் போலிருக்கிறது என்றார். பெரியவளும் தலையாட்டினாள்.

சின்னவள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “இருக்கணும்ப்பா. சும்மா யானைன்னா சண்டைக்குப் போகுது. களைச்ச யானைன்னா சண்டைலேர்ந்து வருது.”

நான் புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தேன். அந்த ஒரு சொல்லால் நகரம் முழுக்க மாறிவிட்டது. போர் முடிந்துவிட்ட ஊர் அது. கொடி ஏன் கிழிந்திருக்கிறது, மதிலில் ஏன் ஆள் இல்லை என்பதற்கெல்லாம் அதற்கடுத்த வரிகளில் விடை இருந்தது. எத்தனை வருடம் நான் அந்த வாசலில் நின்று சிறப்பு, சிறப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா மகளை மெச்சவில்லை. நெற்றியைச் சொறிந்துகொண்டு பாட்டை இன்னொரு தடவை படித்தார். பிறகு பென்சிலை எடுத்துத் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அடுத்துப் பெரியவள். கடைசியில் சின்னவள், நாக்கைத் துருத்திக்கொண்டு. அந்த மூன்று பேரையும் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது கதைக்கு அழகில்லை என்பார்கள். பரவாயில்லை.

5

[வாசகர் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கு இங்கே பதில். இந்தப் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?]

பெரியவள் மூன்றாம் வகுப்பு வரை போயிருக்கிறாள். ஒரு தேர்வில் நான்கு கேள்விகளுக்கு நேரே ‘தெரியாது’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். திமிர் என்று நினைத்திருக்கிறார்கள். திமிர் இல்லை, வீட்டுப் பழக்கம் என்று அவர் விளக்கிய பிறகு, வகுப்பாசிரியை நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறார்: ஏதாவது எழுதச் சொல்லுங்கள், வெற்றிடம் விடாமல் எழுதினால் பாதி மதிப்பெண்ணாவது கிடைக்கும். அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யோசித்திருக்கிறார். அப்புறம் பிள்ளையை நிறுத்திவிட்டார், சின்னவளைச் சேர்க்கவே இல்லை.

அந்த ஆசிரியையைப் பழிக்க எனக்கு வாய் இல்லை. அதே வாக்கியத்தை நான் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

உனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காதா என்று பெரியவளிடம் கேட்டேன். பிடிக்கும், கூட்டாளிகள் இருந்தார்கள், மைதானம் இருந்தது என்றாள். “ஆனா இன்னும் முன்னூத்திப் பதினோரு பாட்டு பாக்கி இருக்கு சார். நடுவுல விட்டுட்டுப் போனா மறுபடி மொதல்லேர்ந்து பாக்கணும்.” பள்ளிக்கூடத்திலும் இதே காவியம் பாடமாக இருக்கிறதே என்றேன். எத்தனை பாட்டு என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன். அப்பாவைப் பார்த்தாள்.

6

பத்துக் கேள்விகள்.

ஐந்துக்கு அவள் சொன்ன விடைகளை எழுதிக்கொள்ள எனக்குக் கை போதவில்லை. வாக்கியம் வாக்கியமாக, எந்தச் சொல்லைப் பார்த்து இதைச் சொல்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். ஒன்றைத் தவறாகச் சொன்னாள். இரண்டு படைத்தலைவர்களைக் குழப்பிக்கொண்டாள். மூன்றுக்குத் தெரியாது. உதாரணத்துக்குக் கவிஞர் பிறந்த ஊர். புத்தகத்தின் முன்னுரையில் மூன்று பேர் மூன்று ஊர் சொல்லியிருக்கிறார்கள், எது சரி என்று தெரியாது என்றாள். விடைக்குறிப்பில் ஓர் ஊர் பளிச்சென்று இருந்தது. நான் தவறு போட்டேன். போடும்போது பேனா கொஞ்சம் தயங்கியது உண்மை.

ஏழாவது கேள்வியை அவள் கடைசிக்குத் தள்ளச் சொல்லியிருந்தாள். இப்போது அது ஒன்றுதான் மிச்சம். அவள் ஐந்தில் நின்றாள்.

அசல் பாட்டை இங்கே தர எனக்கு அனுமதி இல்லை, கேள்வித்தாள் ரகசியம். அதனால் அதே விஷயத்தை வைத்து நானே நான்கு வரி கட்டியிருக்கிறேன். பண்டிதர்கள் தளை தட்டுகிறது என்று கடிதம் போட வேண்டாம். போர்க்களத்தில் கணவனை இழந்த ஒருத்தியின் வீட்டுக்குச் செய்தி சொல்ல ஒரு வீரன் வருகிறான்:

வந்தவன் வாய்திறக் கும்முன் மடந்தை
தந்தனள் செம்பில் தண்ணீர், அவனும்
உண்டனன்; வறிதென உடனே நிறைத்தனள்;
பின்னும் நிறைத்தனள்; பின்அவன் சொன்னான்.

கேள்வி: அவள் ஏன் மீண்டும் மீண்டும் நீர் கொடுத்தாள்? விடைக்குறிப்பு: விருந்தோம்பல் பண்பு. துயரச் செய்தி கொண்டுவந்தவனையும் விருந்தினனாகப் போற்றும் பெருமை.

பெரியவள் புத்தகத்தைத் திறந்து அந்தப் பாட்டின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே ஒரே ஒரு கையெழுத்து இருந்தது. சின்னவளுடையது.

“நானும் அப்பாவும் இன்னும் போடல சார்.”

பரவாயில்லை, உனக்குத் தோன்றுவதைச் சொல் என்றேன். தோன்றுவது வேறு, தெரிவது வேறு என்று மரியாதையாகச் சொன்னாள். தங்கை கையெழுத்துப் போட்டிருக்கிறாளே, அவள் சொன்ன விடையையாவது சொல்லலாமே என்றேன். [படிவத்தைப் படிப்பவர் கவனத்துக்கு: இது விதிமீறல். தெரிந்தேதான் செய்தேன்.] அது அவளுடைய கையெழுத்து என்றாள். அவ்வளவுதான்.

நான் சின்னவள் பக்கம் திரும்பினேன். நீயே சொல்லேன் என்றேன். அதற்காகவே காத்திருந்த மாதிரி நாற்காலியில் முட்டி போட்டு நிமிர்ந்தாள்.

“தண்ணி குடிக்கும்போது பேச முடியாதுல்ல. அதான். குடிச்சு முடிக்கிற வரைக்கும் அவரு சாகலல்ல.”

நான் விடைக்குறிப்பைக் கவிழ்த்து வைத்தேன்.

பெரியவள் மட்டும் அசரவில்லை. இந்தச் சண்டை அவர்களுக்குள் மாதக்கணக்காக நடக்கிறது போலும். வந்தவன் என்ன சொல்லப் போகிறான் என்று அந்த அம்மாவுக்கு எப்படி முன்கூட்டியே தெரியும் என்றாள். அவன் மூஞ்சியைப் பார்த்தால் தெரியாதா என்றாள் சின்னவள். “மூஞ்சி பாட்டுல இல்ல” என்றாள் பெரியவள். தாகத்தோடு ஓடி வந்திருக்கலாம், அதனால்கூடக் கொடுத்திருக்கலாம், தனக்கு ரெண்டும் சரியாகப் படுகிறது, எது என்று தெரியவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

தாகம், வந்தவர், உபசரிப்பு. விடைக்குறிப்பின் வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தாள். அப்போ உபசரிப்புன்னு வெச்சுக்கலாமா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினால் போதும், நான் ஆறு போட்டிருப்பேன். அது அவளுக்கும் தெரியும். என் பேனா எந்தக் கட்டத்துக்கு மேல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கண் கலங்கிவிட்டது.

“தெரியாதுன்னே போட்டுக்கோங்க சார்.”

7

இந்த இடத்தில் அப்பாவின் மேல் எனக்குக் கோபம் வந்தது. கதாசிரியனாகச் சொல்கிறேன், இந்த மனிதரைப் படைத்தது நானாக இருந்திருந்தால் இவரைக் கொஞ்சம் இளக்கியிருப்பேன். மகள் கண் கலங்க உட்கார்ந்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஏன் இந்தப் பாட்டுக்குக் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டேன். பிடிபடவில்லை என்றார். பிள்ளைகளின் முன்னால் அதற்கு மேல் பேசவில்லை.

என்னை வழியனுப்பக் கூடவே படியிறங்கி வந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றார்.

[அடுத்து வருவதைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. என் வகுப்பில் ஒரு மாணவன் இப்படி எழுதிவந்தால் ‘நம்பும்படி இல்லை’ என்று ஓரத்தில் எழுதுவேன். ஆனால் நடந்தது இதுதான்.]

பதினான்கு வருடம் முன்னால் அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் லிஃப்டுக்குக் கீழே இருக்கும் அடிக்குழியில் இறங்கியிருக்கிறார். பிரேக் பார்த்தாயிற்று என்று அட்டையில் கையெழுத்து இருந்தது. யாரும் பார்த்திருக்கவில்லை. லிஃப்ட் அவர் மேல் இறங்கிவிட்டது. வீட்டுக்குச் செய்தி சொல்ல, பக்கத்துத் தெருவில் குடியிருந்த இவரை அனுப்பியிருக்கிறார்கள்.

“கதவத் தெறந்தாங்க. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள உள்ள போயி ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்தாங்க. குடிச்சேன். இன்னொண்ணு கொண்டாந்தாங்க. அதையும் குடிச்சேன்.”

நான் அவசரப்பட்டேன். அப்படியானால் சின்னவள் சொல்வது சரிதானே, உங்கள் முகத்தைப் பார்த்திருப்பார்களே என்றேன்.

“மூஞ்சியப் பாக்கவே இல்ல சார். டம்ளரத்தான் பாத்துட்டிருந்தாங்க. வெயில்ல வந்திருக்கானேன்னும் இருக்கலாம். பாப்பா சொல்ற மாதிரியும் இருக்கலாம். அவங்களக் கேட்டாத்தான் தெரியும். கேக்க முடியுமா?”

பிள்ளைகளுக்கு இது தெரியுமா என்றேன். தெரியாது, சொன்னால் பாட்டை விட்டுவிட்டு என் கதையைப் பிடித்துக்கொள்வார்கள் என்றார். பிறகு, வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பாடு எளிதாகியிருக்கும்.

8

இனி என் கதை. இதைச் சொல்லாமலே முடித்துவிடலாம் என்று இருந்தேன். ஆறாவது தாள் வரை வராமல் பார்த்துக்கொண்டேன்.

அந்த விடைக்குறிப்பை எழுதியவன் நான்.

ஒன்பது வருடம் முன்னால், ஒரு பிற்பகல், அலுவலகத்தில் உட்காரவைத்து நாற்பது கேள்விகளுக்கு விடை எழுதச் சொன்னார்கள். ஐந்து மணிக்குள் வேண்டும் என்றார்கள். இந்தத் தண்ணீர்க் கேள்விக்கு வந்தபோது நான் பாட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என் ஆசிரியர் எனக்கு விருந்தோம்பல் என்று சொல்லியிருந்தார், நான் என் மாணவர்களுக்கு விருந்தோம்பல் என்று சொல்லியிருந்தேன். கை தானாக எழுதியது. துயரச் செய்தி கொண்டுவந்தவனையும் போற்றும் பெருமை என்று ஒரு வாலையும் ஒட்டினேன், பார்க்க நிறைவாக இருக்கட்டும் என்று. அடியில் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பது வருடமாக அது எத்தனை பிள்ளைகளின் வாய்க்குள் திணிக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாது. அது தவறு என்றும் சொல்ல முடியவில்லை, அதுதான் கொடுமை. சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் நான் பார்க்கவில்லை. பார்க்காமல் போட்ட கையெழுத்து அது. அந்தச் சிறுமி என் எதிரே உட்கார்ந்து, என் தவற்றுக்கு முன்னால் தலையாட்ட மறுத்துக் கண் கலங்கினாள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். வெட்கம் என்ற சொல்லை நான் கதைகளில் எவ்வளவு மலிவாகப் பயன்படுத்தியிருக்கிறேன் என்று அன்று தெரிந்தது.

9

முடிவுகள்.

அ. நான் ஆறு போடுகிறேன். பிள்ளை வீட்டிலேயே படிக்கிறாள். நான் நல்லவனாகப் படியிறங்குகிறேன்.

இதை எழுதி ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் படித்தால் மூன்றாம் வகுப்பு ஆசிரியை சொன்னதையேதான் நான் செய்திருந்தேன்: வெற்றிடத்தில் ஏதாவது போடு, மதிப்பெண் வரும். அவள் சொல்லாத விடைக்கு மதிப்பெண் போட்டால், அவள் எதைக் காப்பாற்ற ஐந்தில் நின்றாளோ அதை நானே உடைத்தவன் ஆவேன்.

ஆ. ஐந்து போடுகிறேன். பள்ளிக்குப் போகிறாள். அங்கே ஒரு நல்ல ஆசிரியர் அவளுடைய ‘தெரியாது’வைப் பார்த்து வியந்து, வகுப்பு முழுவதும் பென்சிலை எடுத்து

இல்லை. இது எனக்கு நானே தடவிக்கொள்கிற களிம்பு. அப்படி ஓர் ஆசிரியர் இருக்கலாம். இருபத்திரண்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அப்படி இருக்கவில்லை.

இ. அப்பா மகள்களிடம் பதினான்கு வருடக் கதையைச் சொல்கிறார். மூவரும் சேர்ந்து அந்தப் பாட்டின் ஓரத்தில்

மன்னிக்கவும். அவர் சொல்ல மாட்டார். அவரை இவ்வளவு தெரிந்த பிறகு அவர் கையில் என் பென்சிலைத் திணிக்க எனக்கு மனம் வரவில்லை.

10

படிவத்தின் கடைசி வரி இப்படி இருக்கிறது: ‘மேற்கண்ட விடைகளை விடைக்குறிப்போடு ஒப்பிட்டேன், வழங்கிய மதிப்பெண் சரியானது என அறிவேன்.’ அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. இருநூறு படிவங்களிலாவது அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டிருப்பேன். ‘அறிவேன்’ என்ற சொல்லை இந்த முறைதான் படித்தேன். விரலால் மறைத்துப் பார்த்தேன். வாக்கியம் விழுந்துவிட்டது.

நான் அறியேன். அதனால் போடவில்லை.

இதற்கும் ஒரு விதி இருக்கிறது, தேடிக் கண்டுபிடித்தேன். பதினைந்து நாட்களுக்குள் மதிப்பீட்டாளர் கையெழுத்திடாவிட்டால் கோப்பு அப்படியே, இணைப்புத் தாள்களோடு, வேறொரு மதிப்பீட்டாளருக்குப் போகும். அவர் யார் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். அவர் தருவதே இறுதி. அந்த வீட்டுப் படிகளை அவர் ஏற வேண்டியதில்லை. தாள்களைப் படித்தால் போதும். இன்று பதினைந்தாவது நாள்.

நீங்கள் இவ்வளவு நேரம் படித்தது அந்த இணைப்புத் தாள்களைத்தான். பிள்ளை சொன்னது, சொல்ல மறுத்தது, என் விதிமீறல், என் விடைக்குறிப்பின் யோக்கியதை, எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. முன்னூற்றுப் பதினோரு பாட்டும் உங்கள் கையில்தான். மற்ற ஒன்பது கேள்விகளுக்கும் மதிப்பெண் போட்டுவிட்டேன், கூட்டினால் ஐந்து. இந்த ஒன்றை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

கேள்வி 7: அவள் ஏன் மீண்டும் மீண்டும் நீர் கொடுத்தாள்?

மாணவியின் விடை: தெரியாது.

மதிப்பெண்:

மதிப்பெண் சரியானது என அறிவேன். கையெழுத்து: